சரிபார்க்கப்பட்டது: க. சிவஞானம்

சும்மா ஒருக்கா பார்ப்பவர்கள் என்றோர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. இவர்களைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. எந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதோ அங்கே இருப்பார்கள். பழுதான பொருளில் இவர்களுக்கு நாட்டம் கிடையாது. பழுதைத் திருத்தக் கடை இருக்கிறது, ஆள் இருக்கிறது, அதில் என்ன பெருமை? நன்றாக ஓடுகிற ஒன்றை இன்னும் நன்றாக ஓட வைப்பதற்கென்றே பிறந்தவர்கள் இவர்கள். சொட்டாத பைப்பை இறுக்கிச் சொட்ட வைப்பார்கள். சத்தமில்லாமல் மூடுகிற கதவைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டி, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்படி கத்த வைப்பார்கள். ரேடியோவில் தெளிவாகக் கேட்கிற செய்தியை இன்னும் தெளிவாக்கப் போய், வானிலை அறிக்கைக்கு வரும்போது வெறும் இரைச்சலோடு நிற்பார்கள். அப்போதாவது முகத்தில் ஒரு கலக்கம் வருமா? வராது.

குரலை வைத்தே இவர்களை அடையாளம் காணலாம். வாழ்நாள் முழுவதும் இவர்கள் பேசுவது மூன்றே வசனம். மூடியைத் திறக்கும் முன்னால், “சும்மா ஒருக்கா பாக்குறேன்.” திறந்த பிறகு, “இது என்னாத்துக்கு இங்க?” எல்லாம் முடிந்து வீட்டார் சுற்றி நிற்கும்போது, “நான் ஒண்ணும் செய்யலையே!”

இந்த இனத்தில் நன்கு விளைந்த ஓர் உருப்படியை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் சிவஞானம். பசறைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு முழுநாளுக்கான முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று பதிகிற செக்ரோல் புத்தகம் இருபத்தாறு வருடமாக அவர் கையில் இருக்கிறது. சட்டைப் பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று, நடுவில் ஒரு சிறிய திருப்புளி. கிளாக்கருக்குத் திருப்புளி எதற்கு என்று கேட்காதீர்கள். போன வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அம்மன் பாட்டு கணீரென்று போய்க்கொண்டிருந்தபோது, “லேசா ஒரு கரகரப்பு இருக்கு” என்று அவர் ஒலிபெருக்கியின் முதுகைத் திறந்தார். அதற்குப் பிறகு அம்மன் தேரில் ஏறி, ஆறு லயத்து வீடுகளையும் சுற்றி, திரும்பக் கோயிலுக்கு வந்து சேரும் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. மாட்டி முடித்ததும் மிஞ்சிய இரண்டு ஆணிகளைச் சிவஞானம் வீட்டுக்குக் கொண்டுவந்து, இப்படி மிஞ்சியவற்றுக்கென்றே வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். “தேவையில்லாத ஆணி” என்பது அவருடைய தீர்ப்பு. டின் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

இனி, அந்த வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருளுக்கு வருவோம்.

சிவஞானத்தின் மனைவி ஜீவராணி, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பானவர். முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்கவைக்கும் ஆற்றல் உள்ளவர். போன மழைக்காலத்தில் காம்பராவின் பின்படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த பிறகு கை வந்துவிட்டது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் வரவில்லை. மடங்கியபடியே நின்றன. விரல்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்கச் சொல்லி பதுளை ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தொன்றைக் கொடுத்தார்கள். அமுக்க அமுக்க ஜீவராணிக்குக் கோபம்தான் வந்தது. அப்போதுதான் அவருடைய தம்பி ஜெயரூபன், மொனராகலையில் பாடசாலை ஆசிரியர், ஒரு சவர்க்காரக் கட்டி அளவுள்ள பெட்டியை வாங்கிவந்து டீவியில் மாட்டினான். முப்பது வருடத்துக்கு முந்திய வீடியோ கேம் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. அக்காவின் பழைய ஆட்டமும் இருந்தது: மேலிருந்து விழும் கட்டைகளை வரிசையாக அடுக்குகிற ஆட்டம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று மோதலாம்.

பழைய ஆட்டம் என்றால் பழைய எதிரியும் உண்டல்லவா? பதுளையில் பாடசாலைக்குப் போன காலத்தில் ஜீவராணியின் கூட்டாளி லரீபா. அந்தக் காலத்திலேயே லரீபா வீட்டில் கெசட் போட்டு ஆடுகிற கேம் பெட்டி இருந்தது. வகுப்பு விட்டதும் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து மோதுவார்கள்; வெல்வது ஜீவராணி. கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் தாண்டியும் அந்தக் கணக்கு லரீபா மனசில் இருந்திருக்கிறது. புதுப் பெட்டி வந்த சேதி கேட்டு பஸ் ஏறி வந்தார். வந்தார், வென்றார், போய் பதுளை பஸாரில் பாதிப் பேருக்குச் சொன்னார். மறு ஆட்டம் ஒரு மாதம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. ஒரு மாதமாக ஜீவராணி காம்பரா பூட்டியதும் நேரே வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஆற ஆற, கட்டை அடுக்கினார். மடங்கிய விரல் இரண்டும் மெல்லமெல்ல அசையத் தொடங்கின. ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது.

பெட்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. பிறகென்ன, சிவஞானத்துக்குப் பொறுக்குமா?

“தொறக்க நாப்பது செக்கன் எடுக்குது” என்றார், அந்த ஞாயிற்றுக்கு முந்திய திங்கட்கிழமை.

“எனக்கு ஒரு அவசரமும் இல்ல” என்றார் ஜீவராணி.

“இல்ல, சும்மா ஒருக்கா...”

“கைய வச்சிறாதீங்க.”

இந்த இனத்தாரிடம் இப்படிச் சொல்வது, குழந்தைக்கு இனிப்பு டப்பா இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியின் நினைவட்டை சிவஞானத்தின் சட்டைப் பையில், திருப்புளிக்குப் பக்கத்தில், ஆபிசுக்குப் போயிருந்தது. ஆபிஸ் கம்பியூட்டரில் திறந்து பார்த்தார். அந்தப் பெட்டி எப்படி நடக்கவேண்டும், எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகவேண்டும் என்று வரிவரியாக எழுதிய அமைப்புக் கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. இடப்பக்கம் ஒரு பெயர். வலப்பக்கம் அதற்கு நேரே ஒரு குறிப்பு. பெயர், குறிப்பு. பெயர், குறிப்பு.

சிவஞானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேறென்ன? செக்ரோல்!

இருபத்தாறு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? விரல் தானாக வரி வரியாக இறங்கியது. நிறையப் பெயர்களுக்கு நேரே, ஆங்கிலத்தில், ‘இல்லை’ என்று போட்டிருந்தது. இல்லை. இல்லை. மறுபடியும் இல்லை. “இதெல்லாம் என்னாத்துக்கு இங்க?” என்றார் வாய்விட்டு. வேலைக்கே வராத ஆளுக்கு செக்ரோலில் என்ன பேர்? இவ்வளவு பேரையும் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுப் பார்த்தால் பெரட்டு முடிய நாற்பது செக்கன் எடுக்காமல் என்ன செய்யும்? வெட்டினார். மொத்தம் நாற்பத்தாறு பேர். இதோடு நின்றாரா? பக்கத்தில் அதே பெயரில், வாலில் மட்டும் ஒரு சின்ன மாற்றத்தோடு, இன்னொரு கோப்பு கிடந்தது. உள்ளே அச்சு அசல் அதே வரிகள். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பேரா? கள்ளப்பேர்! அவர் கண் முன்னாலா? அதையும் அழித்தார். கடைசியில், வேலையை ஒழுங்காக முடித்த மனிதன் செய்வதைச் செய்தார். கோப்பின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது: க. சிவஞானம்’ என்று தட்டி, தேதியும் போட்டு, மூடினார். போட்டதையே மறந்தும் போனார். கையெழுத்து என்பது மூச்சு விடுகிற மாதிரி. யார் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள்?

அன்று பின்நேரம் ஜீவராணி பெட்டியைப் போட்டார். நாற்பது செக்கன் ஆயிற்று. நாற்பது நிமிடமும் ஆயிற்று. டீவி இருட்டாகவே நின்றது. அறிமுகமில்லாத ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கண்டு பெட்டி மிரண்டுவிட்டது போலும்.

“யாராவது இதத் தொட்டீங்களா?” என்று ஜீவராணி கேட்டார். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“நான் ஒண்ணும் செய்யலையே!”

பாவம், அதில் பொய் சொல்கிற உணர்வே அவருக்கு இல்லை. இந்த இனத்தாரின் தனிச்சிறப்பு அது. கெடுத்தால்தானே செய்ததாக ஆகும்? இவர் சுத்தப்படுத்தினார். அதற்குப் பிறகு அது தானாகக் கெட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வியாழக்கிழமை பெட்டியைப் பதுளைக்குக் கொண்டுபோனார். கொண்டுபோன கடை யாருடையது என்கிறீர்கள்? லரீபாவின் கணவர் புவாத்துடையது. போன், கம்பியூட்டர் திருத்துகிற கடை அது. புவாத் நினைவட்டையைப் போட்டு, கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழே இறங்கினார். அடிவரிக்கு வந்ததும் நின்றார். கண்ணாடிக்கு மேலால் சிவஞானத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“ஐயா, இதுல யாரும் கைவெச்சாங்களா?”

“நான் ஒண்ணும் செய்யலையே!”

“ம்” என்றார் புவாத். நல்ல மனிதர். “கோப்பு ஒடஞ்சி ஈக்கி. இத எடுத்துட்டு, கடையில வாங்கக்குள்ள எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே புதுசு ஒண்டு போட்டுத் தாறன். ஞாயித்துக்கிழம எங்கட ஆளுக்கிட்ட தோத்தா, புவாத்தான் வேணுமெண்டு செஞ்சான் எண்டு செல்லிறாதீங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிவஞானம் வெற்றியோடு மலை ஏறினார். பெட்டி திறந்தது, பாட்டுப் பாடியது, கட்டைகள் விழுந்தன. ஜீவராணி ஜோய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். நான்காவது கட்டை விழும்போது ஆட்டம் காணாமல் போய், தொடக்கப் பக்கம் வந்து நின்றது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி காணாமல் போயிற்று.

“என்னாங்க இது, வீட்டுக்குள்ள வந்தா வந்தா வாசலுக்குத் தொரத்துது!”

வெள்ளிக்கிழமை ஜெயரூபனுக்குப் போன் போட்டார்கள். போனைப் பிடித்தவர் சிவஞானம். விஷயத்தைக் கேட்டதும் ஜெயரூபன் சொன்னான்:

“மச்சான், அக்காவோட ரெண்டு வெரலும் மடங்கி, ஜோய்ஸ்டிக்குக்குப் பின்னால இருக்கிற பட்டன அமுக்கிக்கிட்டே இருக்கும். அது ஆட்டத்த விட்டு வெளிய வாற பட்டன். அதான் பக்கத்துல குந்தி, அது எங்க எங்க அமுக்குதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்து, அந்தப் பட்டனுக்கெல்லாம் நேரா ‘இல்ல’ன்னு எழுதி வச்சேன். அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் வேல மச்சான் அது!”

சிவஞானத்தின் காதில் போன் கனத்தது. வேலைக்கு வராதவர்கள் என்று அவர் நினைத்த நாற்பத்தாறு பேரும் இரவும் பகலும் காவல் நின்றவர்கள்! அவர் மனைவியின் இரண்டு விரலுக்காகக் காவல் நின்றவர்கள்.

“மறுபடி எழுதித் தாயேன்...”

“எந்தெந்த வரின்னு எனக்கு எப்பிடி நெனவிருக்கும்? சனி ஞாயிறு ரெண்டு நாளும் பரீட்சக் கடம வேற, வர ஏலாது. ஆனா பயமில்ல. பக்கத்துலயே அதே பேர்ல ஒரு காப்பி வச்சிருக்கேன், பாருங்க.”

கள்ளப்பேர்!

“அ... அப்பிடி ஒண்ணும் காணோமே” என்றார் சிவஞானம்.

ஜீவராணி கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “யாராவது தொட்டீங்களான்னு கேட்டேன்” என்றார். அவர் சொல்வதற்குள், “ஒண்ணும் செய்யல. தெரியும்” என்று தானே முடித்து, பெட்டியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது உங்களுக்கு ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். அந்த நாற்பத்தாறு வரிகளும் உலகத்தில் இல்லாமல் போகவில்லை. சிவஞானம் யார்? கிளாக்கர். செக்ரோலில் ஒரு பேரை வெட்டினால், வெட்டிய பேரை இன்னொரு புத்தகத்தில் பதிந்து, காரணமும் எழுதி, கையெழுத்து வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். பழைய புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில், சிவப்பு மையில், ஒன்று முதல் நாற்பத்தாறு வரை இலக்கமிட்டு, ஓர் எழுத்துத் தவறாமல் எழுதியிருந்தார். அன்றே வீட்டுக்கு வந்த அந்தப் புத்தகம் மேசை லாச்சியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் பெட்டி பழையபடி ஆகிவிடும். ஆனால் எப்படிக் கொடுப்பது? ஒன்றும் செய்யாத மனிதரிடம், செய்ததற்கெல்லாம் இலக்கம் போட்ட பதிவு எங்கிருந்து வந்தது? சொல்லாமல் இரகசியமாக எழுதிவிடலாம் என்றால் பெட்டி அலுமாரியில், சாவி இடுப்பில். சனிக்கிழமை முழுவதும் லாச்சியைத் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார். அது நன்றாகத்தான் திறந்து மூடியது. ஆனாலும், அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அதற்கு எண்ணெய் விடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் லரீபாவும் புவாத்தும் வந்து இறங்கினார்கள். லரீபா ஒரு பெட்டி நிறையக் கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். வென்றவர் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம், தோற்றவருக்கு ஆறுதலாகவும் வைத்துக்கொள்ளலாம் என்ற சிரிப்பு முகத்தில் இருந்தது.

ஜீவராணி அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து டீவியில் மாட்டினார். முதல் ஆட்டம் ஐந்தாவது கட்டையோடு காணாமல் போயிற்று. இரண்டாவது ஆட்டம் மூன்றாவது கட்டையோடு. லரீபாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

“உடு ராணி. கை சொகமாகட்டும். இத நான் வென்டதா எடுக்க மாட்டன்.”

இதைவிடப் பெரிய தோல்வி ஜீவராணிக்கு வேறு உண்டா? லரீபா இரக்கப்படுவதா? எழுந்துபோய், பழைய சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்து வந்தார். மடங்கிய விரல் இரண்டையும் இடக்கையால் நிமிர்த்தி, புறங்கைப் பக்கம் இழுத்துச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். வலித்தது. வலித்ததென்று காட்டவில்லை. ஜோய்ஸ்டிக்கைத் திரும்ப எடுத்தார்.

சிவஞானம் எழுந்தார். உள்ளே போனார். புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“ராணி... நான்... செவ்வாக்கெழம... சும்மா ஒருக்கா...”

“பாத்தீங்க” என்றார் ஜீவராணி.

“ஒனக்கு...”

“கடைசி வரியில கையெழுத்துப் போட்டு, தேதியும் வச்சிருக்கீங்களாமே!”

புவாத் கூரையைப் பார்த்தார். லரீபா வாயைப் பொத்திக்கொண்டார். “வியாழக்கிழமயே நான்தான் ராணிக்குச் சென்னேன்” என்றார் விரல்களுக்கிடையால். “எங்கட மனுசன் ஊட்டுக்கு வந்து செல்லிச் செல்லிச் சிரிச்சாரு. சரிபார்த்துட்டாராம்!”

“நீங்களா வாயத் தொறக்குறீங்களான்னு மூணு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் ஜீவராணி. பிறகுதான் அவர் பார்வை மேசைக்குப் போனது. “இது என்னா பொஸ்தகம்?”

“வெட்டினதெல்லாம் இதுல இருக்கு.”

“எழுதி வச்சிருக்கீங்களா?”

“எழுதாம வெட்டுறதா? என்னா பேச்சுப் பேசுற!” சிவஞானத்துக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது.

“அப்ப இத வியாழக்கிழமயே தந்திருக்கலாமே?”

ரோஷம் வந்த வழியே போயிற்று.

புவாத் தன் லெப்டொப்பைத் திறந்து நினைவட்டையைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வீட்டின் முன்னறையில் ஒரு பெரட்டு நடந்தது. சிவஞானம் நின்றபடி, புத்தகத்தைக் கைநீட்டிப் பிடித்து, ஒவ்வொரு வரியாக, எழுத்தெழுத்தாகக் கூப்பிட்டார். புவாத் தட்டினார். ஒவ்வொரு வரி முடிவிலும் “இல்ல?” என்று கேட்டார். “இல்ல!” என்றார் சிவஞானம். பன்னிரண்டாம் வரிக்கு மேல் லரீபாவும் சேர்ந்து “இல்ல!” போட்டார். பக்கத்தில் சாய்ந்து புத்தகத்தைப் பார்த்த புவாத், காரணம் என்ற இடத்தில் நாற்பத்தாறு தரமும் ‘வேலைக்கு வரவில்லை’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தட்ட முடியாமல் இருந்தார். அதற்கும் கீழே, ‘நாற்பத்தேழு: கள்ளப்பேர். நீக்கப்பட்டது.’

“முடிஞ்சா ஐயா? அடியில கையெழுத்து வெக்கிறீங்களா?” என்றார் புவாத்.

சிவஞானம் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீவராணி விரலில் சுற்றிய சேலைத் துண்டை அவிழ்த்தார். விரல்கள் மடங்கி, பின்பக்கத்துப் பட்டன்மேல் பழையபடி போய் உட்கார்ந்து, அமுக்கின. ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது கட்டை விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது விழுந்தது. ஒன்றும் நடக்காமல் இருப்பது எவ்வளவு அழகான காரியம் என்று சிவஞானம் முதன்முதலாகக் கண்டார்.

முதல் ஆட்டம் லரீபாவுக்கு. அடுத்த இரண்டும் ஜீவராணிக்கு. கடைசி ஆட்டத்தில் ஜீவராணியின் சுண்டுவிரல் பட்டனை விட்டு ஒரு அரிசி அளவு தானாக எழும்பியதை அவரும் கண்டார், சிவஞானமும் கண்டார்.

“ஒங்கட ஊட்டு ஜோய்ஸ்டிக் சரியில்ல” என்றார் லரீபா, தன் கையில் இருந்ததை மேசையில் போட்டு. “இந்தப் பக்கம் லேசா இறுக்கமா ஈக்கி.”

மூன்று நாள் துன்பம், நாலு பேர் முன்னால் பட்ட வெட்கம், எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனைத் திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? சிவஞானத்தின் கை சட்டைப் பைக்குப் போய், இரண்டு பேனாக்களுக்கு நடுவில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“கைய எடுங்க” என்றார் ஜீவராணி. டீவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“சும்மா ஒருக்கா...”

“எடுங்க.”

எடுத்தார். அன்றைக்கு எடுத்தார் என்று மட்டும்தான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

இவ்வளவையும் படித்து நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் மைத்துனர், மேல்வீட்டுக்காரர், ஆபிசில் பக்கத்து மேசைக்காரர் என்று ஓரிருவர் ஞாபகத்துக்கும் வந்திருப்பார்கள். வரட்டும். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருந்தபோதே எதிர்ச் சுவரில் உள்ள மணிக்கூடு ஒரு நூலளவு சாய்ந்திருப்பது உங்கள் கண்ணில் பட்டதல்லவா?

அது சரியான நேரம்தான் காட்டுகிறது. உட்காருங்கள்.